ஊரார் தீர்ப்பும் சட்டத்தின் தீர்ப்பும்: ‘வேண்டுமென்றே செய்தார்’ என்று எப்போது சொல்கிறோம்?

ஒரு நிறுவனத்தின் துணைத் தலைவர் தலைவரிடம் போகிறார். புதிய திட்டம் ஒன்று இருக்கிறது, தொடங்கினால் லாபம் கூடும், ஆனால் சுற்றுச்சூழல் கெடும் என்கிறார். சுற்றுச்சூழல் கெடுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சமும் அக்கறை இல்லை, லாபம் வந்தால் போதும், தொடங்குங்கள் என்கிறார் தலைவர். திட்டம் தொடங்குகிறது, சொன்னபடியே சுற்றுச்சூழல் கெடுகிறது. தலைவர் சுற்றுச்சூழலை வேண்டுமென்றே கெடுத்தாரா?

ஜோஷுவா க்னோபி என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர், மன்ஹாட்டன் பூங்கா ஒன்றில் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்த 78 பேரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டார். பாதிப் பேருக்கு மேலே சொன்ன கதை. மீதிப் பேருக்கு அதே கதையில் ஒரே ஒரு மாற்றம்: திட்டத்தால் லாபமும் கூடும், சுற்றுச்சூழலும் மேம்படும். தலைவரின் பதிலில் மாற்றமில்லை. சுற்றுச்சூழல் மேம்படுவதைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் அக்கறை இல்லை, லாபம்தான் முக்கியம். முதல் கதையைப் படித்தவர்களில் 82 சதவீதம் பேர், தலைவர் வேண்டுமென்றே கெடுத்தார் என்றார்கள். இரண்டாவது கதையைப் படித்தவர்களில் 77 சதவீதம் பேர், அவர் வேண்டுமென்றே மேம்படுத்தவில்லை என்றார்கள். 2003-இல் ‘அனாலிசிஸ்’ இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரை, தத்துவத் துறையில் இன்றுவரை ஓயாத ஒரு விவாதத்தைக் கிளப்பிவிட்டது.

இரண்டு தலைவர்களின் மனத்திலும் இருந்தது ஒன்றுதான். இருவருக்கும் விளைவு முன்பே தெரியும். இருவரும் விரும்பியது லாபத்தை. இருவருக்கும் சுற்றுச்சூழல் பொருட்டே அல்ல. வேறுபடுவது அவர்களுக்கு வெளியே நடந்தது மட்டும்: ஒன்று தீமை, மற்றது நன்மை. ஆனாலும் அவர்கள் உள்ளத்தைப் பற்றி நாம் சொல்லும் பதில் தலைகீழாகிவிடுகிறது. அவருக்கு எவ்வளவு பழி தருவீர்கள், எவ்வளவு பாராட்டு தருவீர்கள் என்று பூச்சியம் முதல் ஆறு வரை மதிப்பெண் போடவும் க்னோபி கேட்டிருந்தார். கெடுத்தவருக்குச் சராசரியாக 4.8 பழி கிடைத்தது. மேம்படுத்தியவருக்குக் கிடைத்த பாராட்டு 1.4.

முதலில் எண்ணத்தைக் கண்டுபிடிக்கிறோம், அதன்பிறகு குற்றம் சாட்டுகிறோம் என்றுதான் நாம் நம்பிவந்திருக்கிறோம். நீதிமன்றத்தின் அடித்தளமே இந்த வரிசை. பூங்காவில் கிடைத்த பதில்களோ வரிசை மாறியிருக்கிறது என்கின்றன. நல்லது கெட்டது என்ற தீர்ப்பு முன்னால் நடக்கிறது, வேண்டுமென்றே செய்தாரா என்ற தீர்ப்பு அதன் பின்னால் வருகிறது. ஊராரின் இந்தத் தீர்ப்பையும் சட்டம் எழுதிவைத்திருக்கும் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை. இரண்டின் மேலும் எனக்கு மரியாதை உண்டு. இரண்டும் வெவ்வேறு இடத்தில் தவறுகின்றன.

ஊரார் தீர்ப்பிலிருந்து தொடங்கலாம். இது அமெரிக்கர்களின் பழக்கம், ஆங்கிலம் பேசுபவர்களின் சிக்கல் என்று ஒதுக்க முடியாது. க்னோபியும் அருத்ரா புர்ராவும் இந்தி பேசுபவர்களிடம் இதே சோதனையை நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் இதே சாய்வு தெரிந்தது. பெரியவர்களின் பழக்கம் என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டில் பள்ளிப் பருவம் எட்டாத, நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரு கதை சொல்லப்பட்டது. ஆண்டி என்ற சிறுவன் ஜேனின் வீட்டுக்குத் தவளையைக் கொண்டுபோகிறான். அது அவளைப் பாதிக்கும் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. ஜேனினுக்குத் தவளை பிடிக்காது என்று கதை சொன்னால், வேண்டுமென்றேதான் அவளை வருத்தினான் என்றார்கள் பிள்ளைகள். ஜேனினுக்குத் தவளை பிடிக்கும் என்று சொன்னால், அவளை மகிழ்விக்க வேண்டும் என்று அவன் செய்யவில்லை என்றார்கள்.

கோபம்தான் கண்ணை மறைக்கிறது என்ற விளக்கமும் நிற்கவில்லை. மூளையின் முன்பகுதியில் காயம்பட்டு, உணர்ச்சி எழுவதில் குறைபாடு உள்ளவர்களிடம் லியான் யங்கும் மற்றவர்களும் இதைச் சோதித்தபோது, அவர்களும் நம்மைப் போலவே பதில் சொன்னார்கள். கொதித்துப்போய்ச் சொல்வதல்ல இது. நிதானமாக இருக்கும்போதும் நாம் இப்படித்தான் நினைக்கிறோம்.

ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் வந்தன. ‘வேண்டுமென்றே செய்யவில்லை’ என்று சொன்னால் தலைவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது போலாகிவிடும், அதனால்தான் மக்கள் அப்படிச் சொல்லத் தயங்குகிறார்கள் என்றனர் சிலர். எடுவார் மஷெரி வேறொரு வழியில் போனார். ஒருவர் பெரிய கோப்பையில் பழச்சாறு கேட்கிறார். இன்றைக்கு அதன் விலை ஒரு டாலர் கூடுதல் என்கிறார் கடைக்காரர். பரவாயில்லை, பெரியதாக இருந்தால் போதும் என்று வாங்குகிறார். கூடுதல் டாலரை வேண்டுமென்றே கொடுத்தாரா என்றால் பெரும்பாலோர் ஆம் என்கிறார்கள். அதே கதையில் கூடுதல் விலைக்குப் பதிலாக, அழகிய கோப்பை ஒன்று இலவசம் என்று வைத்தால், கோப்பையை அவர் வேண்டுமென்றே பெறவில்லை என்கிறார்கள். இதில் அறமும் இல்லை, பழியும் இல்லை. ஒரு பலனுக்காக நாம் கொடுக்கும் விலையை, தெரிந்து கொடுத்த விலையாக, வேண்டுமென்றே செய்ததாகக் கருதுகிறோம். கூடவே வந்து சேரும் இலாபத்தை அப்படிக் கருதுவதில்லை என்பது மஷெரியின் வாதம்.

பழிதான் காரணம் என்ற விளக்கத்துக்கு க்னோபி சொன்ன பதில், நாஜி ஜெர்மனியில் நடப்பதாக அமைத்த ஒரு கதை. இன அடையாளச் சட்டம் ஒன்றை மீறும்படியாகத் தொழிலை மாற்றும் முதலாளியின் கதை அது. அந்தச் சட்டம் கொடுமையானது, அதை மீறுவது நல்லது என்று கதையைப் படிப்பவருக்குத் தெரியும். மீறுவதைப் பற்றி முதலாளிக்கு எந்த அக்கறையும் இல்லை. இருந்தும், சட்டத்தை அவர் வேண்டுமென்றே மீறினார் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். சட்டத்துக்கு ஏற்ப நடந்த முதலாளியைப் பற்றிக் கேட்டால், வேண்டுமென்றே அதற்குக் கட்டுப்பட்டார் என்று சிலரே சொல்கிறார்கள். பழி சுமத்தும் விருப்பம் மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஒரு விதி குறுக்கே நிற்கும்போது, அதைத் தாண்டிப் போக ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விதியோடு ஒத்துப்போக முடிவு எதுவும் தேவையில்லை.

எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுவது இதுதான். ‘சுற்றுச்சூழல் கெடும்’ என்ற எச்சரிக்கை காதில் விழுந்த கணத்தில், அந்தத் தலைவர் நின்றிருக்க வேண்டும். நிற்காதது ஒரு செயல். நன்மை வரும் என்று கேட்டபோது நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பூங்காவில் இருந்த 82 சதவீதம் பேர் தலைவரின் விருப்பத்தை அளக்கவில்லை. எச்சரிக்கைக்குப் பிறகும் அவர் நடந்துபோனதை அளந்தார்கள். மனிதர்களின் இந்தக் கணக்கை முட்டாள்தனம் என்று தள்ளிவிட என்னால் முடியாது.

இப்போது சட்டத்தை எடுத்து அருகில் வைப்போம். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் செய்த ஒரு நுட்பமான வேலை, உட்கருத்தையும் அறிவையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. ஒருவரைக் கொல்ல வேண்டும் என்று எண்ணுவது உட்கருத்து. நான் செய்வதால் ஆள் இறக்கக்கூடும் என்று தெரிந்தும் செய்வது அறிவு. மரணம் விளைவிக்கும் குற்றத்தை வரையறுக்கும் 299-ஆம் பிரிவு இரண்டையும் ஏற்கிறது. தண்டனையில்தான் படிநிலை வருகிறது. 304-ஆம் பிரிவின் முதல் பகுதி உட்கருத்தோடு செய்தவருக்கு ஆயுள் தண்டனை வரை போகிறது. இரண்டாம் பகுதி அறிவு மட்டும் இருந்தவருக்குப் பத்து ஆண்டு வரை. இரண்டும் இல்லாமல் கவனக்குறைவால் உயிர் போனால் 304-ஏ, அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் இவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 100, 105, 106 பிரிவுகள் இருக்கின்றன. கவனக்குறைவுக்கான தண்டனை ஐந்து ஆண்டு வரை கூடியிருக்கிறது. படிக்கட்டு அப்படியேதான் இருக்கிறது.

இங்கிலாந்தின் சட்டம் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. 1998-இல் பிரபுக்கள் சபை, வுல்லின் என்பவர் மூன்று மாதக் குழந்தையைத் தூக்கி எறிந்து கொன்ற வழக்கில், மரணமோ கடுமையான காயமோ ஏறக்குறைய உறுதி என்று குற்றவாளிக்குத் தெரிந்திருந்தால், உட்கருத்து இருந்ததாக ஜூரிகள் முடிவுசெய்யலாம் என்று வரையறுத்தது. உறுதியாகத் தெரிந்திருப்பது விரும்புவதற்குச் சமமாகக் கொள்ளப்படலாம் என்பது இதன் பொருள். பூங்காவில் இருந்தவர்களின் பக்கம் கொஞ்சம் சாய்ந்த சட்டம் இது. ஆனால் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. விளைவு நல்லதா கெட்டதா என்று இங்கிலாந்துச் சட்டமும் கேட்பதில்லை. எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்றுதான் கேட்கிறது.

இந்தியச் சட்டத்தின் பிரிப்பு இன்னும் சிறந்தது என்று நினைக்கிறேன். 1956-இல் பசுதேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நோக்கம், உட்கருத்து, அறிவு மூன்றையும் தனித்தனியே விளக்கியது. திருமண வீட்டில் குடித்திருந்த ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர், இருக்கையை விட்டு நகரச் சொன்ன சிறு தகராறில் ஒரு சிறுவனைச் சுட்டுக் கொன்ற வழக்கு அது. குடிபோதையில் இருந்தவருக்கும் தெளிவாக இருந்தவருக்குரிய அறிவு இருந்ததாகவே கொள்ள வேண்டும், உட்கருத்தை மட்டும் சூழ்நிலையை வைத்து ஆராய வேண்டும் என்றது நீதிமன்றம். அவர் கொலைக் குற்றவாளி என்ற தீர்ப்பு நிலைத்தது. இவ்வளவு அருவருப்பான செயலின் முன்னாலும் கேள்விகளைக் கலக்காமல் கேட்டது அந்தத் தீர்ப்பு.

க்னோபியின் தலைவரை இந்தியச் சட்டத்தின் முன் நிறுத்தினால் பதில் தெளிவாக வரும். கெடுக்க வேண்டும் என்ற உட்கருத்து இல்லை. கெடும் என்ற அறிவு இருந்தது. அந்த அறிவுக்கு அவர் பொறுப்பு. ஊராரும் சட்டமும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

காகிதத்தில்தான் இந்த ஒற்றுமை. அந்தத் தலைவர் கற்பனை மனிதர். நிஜமான தலைவர்களும் நிஜமான எச்சரிக்கைகளும் நம் நாட்டிலேயே இருந்தன.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில், போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் எண் தொட்டியிலிருந்து ஏறக்குறைய 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. அந்த வேதிப்பொருளைக் குளிரில் வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு மாதக் கணக்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய எரிகோபுரம் இயங்கும் நிலையில் இல்லை. முன்னெச்சரிக்கையும் இல்லாமல் இல்லை. 1981 டிசம்பரில் அதே ஆலையில் ஃபாஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்தார். 1982-இல் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் ஆய்வுக் குழு வந்து பாதுகாப்புக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் அந்த ஆண்டிலிருந்தே, நகரம் எரிமலையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்ற பொருளில் திரும்பத் திரும்ப எழுதினார். மத்தியப் பிரதேச அரசு வாயுக் கசிவோடு தொடர்புபடுத்தி உறுதிசெய்த மரணங்கள் மட்டும் 3,787.

மத்தியப் புலனாய்வுத் துறை ஆலையை நடத்திய அதிகாரிகள் மேல் 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியில் வழக்குப் போட்டது. தெரிந்தே உயிரைப் பறித்த குற்றம், பத்து ஆண்டு வரை. 1996 செப்டம்பரில், குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான கேஷுப் மஹிந்திராவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 304-ஏ ஆகக் குறைத்தது. ஆலையின் அமைப்பிலும் இயக்கத்திலும் குறைகள் இருந்ததைக் காட்டும் ஆவணங்கள் இருக்கலாம், ஆனால் அந்த இரவு அந்த ஆலையை இயக்கினால் மனிதர்கள் இறப்பார்கள் என்ற அறிவு இவர்களுக்கு இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது காரணம். 2010 ஜூன் 7-ஆம் தேதி போபால் நீதிமன்றம் ஏழு இந்திய அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்றது. இரண்டு ஆண்டுச் சிறை. அன்றைக்கே ஜாமீன்.

இதன் பக்கத்தில் இன்னொரு வழக்கை வைக்கிறேன். 2006 நவம்பர் 12 அதிகாலை, மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் சாலையில் நடைபாதையில் படுத்திருந்த கூலித் தொழிலாளர்கள் மேல் ஒரு கார் ஏறியது. ஏழு பேர் இறந்தார்கள். ஓட்டிய இளைஞர் குடித்திருந்தார். கீழ் நீதிமன்றம் 304-ஏ என்றது, ஆறு மாதச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றம் 304 இரண்டாம் பகுதிக்கு மாற்றி மூன்று ஆண்டாக உயர்த்தியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குடித்துவிட்டு அந்த வேகத்தில் ஓட்டுபவருக்கு, உயிர் போகும் என்ற அறிவு இருந்ததாகக் கொள்ளலாம் என்றது. மும்பையில் நடைபாதையில் ஆட்கள் தூங்குவார்கள் என்பது யாருக்குத் தெரியாது?

அந்தத் தீர்ப்பு சரி. அதனால்தான் போபால் தீர்ப்பு என்னை வாட்டுகிறது. கார் ஓட்டியவருக்குச் சில நிமிடங்கள் இருந்தன, மூளையில் போதை இருந்தது. ஆலையை நடத்தியவர்களுக்கு ஆண்டுகள் இருந்தன, மேசையில் அறிக்கை இருந்தது, தெளிவான மூளை இருந்தது. நடைபாதையில் யாராவது இருக்கலாம் என்பது ஊகம். ஆலைச் சுவரை ஒட்டிக் குடியிருப்புகள் இருந்தது கண்ணால் காணும் உண்மை. எந்த அறிவு கனமானது?

எதிர்வாதத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவதே சட்டவிரோதம். உரிமம் பெற்ற ஆலையை நடத்துவது சட்டப்படியான தொழில். அதை நடத்தியதற்காகவே மரண அறிவை ஏற்றிவிட்டால் எந்த ஆலையும் நடக்காது. இந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் உரிமம் கொடுக்கப்பட்டது குளிரூட்டியும் எரிகோபுரமும் இயங்கும் ஆலைக்கு. அவற்றை நிறுத்திவைத்து அதே வேதிப்பொருளைச் சேமித்தது வேறு செயல். நீதிமன்றம் அந்த இரண்டாவது செயலைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு விஷயம் இங்கே தெரிகிறது. சட்டமும் உணர்வில்லாத கருவியாக இயங்கவில்லை. ‘தெரிந்திருந்தது’ என்று எப்போது ஊகிப்பது என்பதில் நீதிபதிகளும் பூங்காவில் இருந்தவர்களைப் போலவே, செயலின் தோற்றத்தால் இழுக்கப்படுகிறார்கள். குடிபோதையும் அதிவேகமும் கண்ணெதிரே நிற்கும் தீமை. கூட்ட அறையில் செலவைக் குறைக்க எடுத்த முடிவில் தீமையின் முகம் தெரிவதில்லை. தீமை கண்ணில் படும்போது அறிவு எளிதில் கண்டுபிடிக்கப்படுகிறது. கோப்புகளுக்குள் மறைந்திருந்தால் கண்டுபிடிக்கப்படுவதில்லை.

ஊராரின் தீர்ப்பை அப்படியே நீதிமன்றத்துக்குள் கொண்டுவரலாமா? கூடாது என்பதற்கு மார்க் அலிக்கி 1992-இல் வெளியிட்ட சோதனை போதும். ஒருவர் வேகமாகக் கார் ஓட்டி விபத்துக்குள்ளாகிறார். ஒரு கதையில், பெற்றோரின் மணநாளுக்கு வாங்கிய பரிசை அவர்கள் கண்ணில் படாமல் ஒளித்துவைக்க வீட்டுக்கு விரைகிறார். இன்னொன்றில், வீட்டில் இருக்கும் கொக்கைனை ஒளிக்க விரைகிறார். சாலையும் வேகமும் விபத்தும் ஒன்றே. ஆனாலும் கொக்கைன்காரர்தான் விபத்துக்கு அதிகக் காரணம் என்றார்கள் படித்தவர்கள். எண்ணம் மட்டுமல்ல, எது எதனால் நடந்தது என்ற கேள்விகூட, ஆள் நல்லவரா கெட்டவரா என்பதால் வளைகிறது.

நம் சாலைகளில் இதைப் பார்க்காதவர் இல்லை. விபத்து நடந்த மாத்திரத்தில் கூட்டம் கூடி, பெரிய வண்டி ஓட்டியவரை அடிக்கத் தொடங்குகிறது. அவர் மேல் தவறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அடிப்பவர்களின் மனத்தில் அவர் வேண்டுமென்றே மோதியவர். வெளியூர்க்காரராக, வேறு மொழி பேசுபவராக, கூட்டம் ஏற்கெனவே வெறுக்கும் சாதியையோ மதத்தையோ சேர்ந்தவராக இருந்துவிட்டால், அவருடைய எண்ணத்தைப் பற்றிய சந்தேகத்தின் பலன் அவருக்குக் கிடைக்காது. இதற்காகத்தான் சட்டம் கேள்விகளைப் பிரித்துவைக்கிறது: முதலில் என்ன செய்தார், அப்போது என்ன தெரிந்திருந்தது, என்ன விரும்பினார், அதன் பிறகே எவ்வளவு பழி. குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கும் ஊருக்கு வேண்டாதவருக்கும் இந்த வரிசையைத் தவிர வேறு காப்பு இல்லை.

ஆகவே என் முடிவு பாதி பாதியாகப் பங்கிட்டுக் கொடுப்பதல்ல. உட்கருத்தைப் பற்றிய கேள்வியில் நான் சட்டத்தின் பக்கம். யூனியன் கார்பைடு அதிகாரிகள் போபால் மக்களைக் கொல்ல விரும்பினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அறிவைப் பற்றிய கேள்வியில் நான் ஊரார் பக்கம். எச்சரிக்கையைக் கேட்ட பிறகும் நடந்துபோனவர், எச்சரிக்கையே கேளாதவரோடு ஒரே படியில் நிற்க முடியாது என்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரிகிறது. அந்தப் படி சட்டப் புத்தகத்தில் முன்பே இருந்தது. பயன்படுத்தத்தான் ஆள் இல்லை.

1996 தீர்ப்பை மாற்றக் கோரி மத்தியப் புலனாய்வுத் துறை மறுசீராய்வு மனு போட்டது 2010-இல்தான், தண்டனையைக் கண்டு நாடு கொதித்த பிறகு. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. விசாரணையில் புதிய சாட்சியம் வந்திருந்தால், கடுமையான பிரிவுக்கு மாற்றக் கீழ் நீதிமன்றத்துக்கு எப்போதும் அதிகாரம் இருந்தது, 1996 தீர்ப்பு அதைத் தடுக்கவில்லை என்றும் சொன்னது. பதினான்கு ஆண்டுகளில் அந்த அதிகாரத்தை யாரும் கையிலெடுக்கவில்லை. 1982 ஆய்வறிக்கையையும் நிறுத்திவைத்த குளிரூட்டியையும் சாட்சியமாக முன்வைத்து, போபால் வழக்கு 304-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியில்தான் நடந்திருக்க வேண்டும்.